வர உத்தேசம்

சென்ற வாரம் என் மகள் சென்னையில் உட்கார்ந்தபடியே ஒரு கோயில் பயணத்தை ஏழு நிமிடத்தில் திட்டமிட்டு முடித்தாள். சனிக்கிழமை காலை ஆறரைக்குத் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு வாசலுக்கு வண்டி வரும். எட்டரைக்குக் கோயில். பகல் உணவு சிதம்பரத்தில், அதற்கும் சொல்லியாயிற்று. கைப்பேசியில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து சேர்ந்தது. அதைத் தொட்டால் இறைவன் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறான் என்பது தெரிகிறது. இத்தனை நூற்றாண்டுகள் அடியார்கள் வழி கேட்டுக்கொண்டே நடந்தது எவ்வளவு வீண் என்று எண்ணிக்கொண்டேன்.

எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை ஒன்றுதான். "குருக்களுக்கு அர்ச்சனை லிஸ்ட மட்டும் அனுப்பிடுங்கப்பா. பேரும் நட்சத்திரமும். அம்மா ஆசப்பட்ட கோயிலு. வருஷந்தான் முடிஞ்சிடுச்சில்ல" என்றாள்.

முடிந்துவிட்டது. என் மனைவியின் ஆண்டுத் திதி போன மாதம் ஆயிற்று. துக்கத்துக்கு ஓராண்டு என்று யாரோ திட்டமாக வகுத்து வைத்திருக்கிறார்கள். அரசு அலுவலகத்தில்கூட ஒரு கோப்பு இத்தனை ஒழுங்காக மூடப்பட்டு நான் கண்டதில்லை.

நட்சத்திரங்கள் எங்கள் வீட்டில் அவள் இலாகா. என்னுடையதே எனக்கு ஐயம். ஆகவே அவளுடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். ஒரு பழைய தபால் உறையிலிருந்து திருநீறும் காய்ந்த வில்வமும் கலந்த மணம் எழுந்தது. அந்த மணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால் நீங்கள் என்னை மதிக்கமாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

அந்தக் கோயில் சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கிறது. ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த வாரமே யாராவது காணொளி எடுக்கப் போய்விடுவார். அவள் பிறந்த வீட்டார் வழிவழியாகக் கும்பிட்ட சிவன் கோயில். நான் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவன். அக்கோயிலின் கல்வெட்டுகளைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். கோயிலைப் பார்த்ததில்லை. ஆராய்ச்சிக்கு அது ஒரு தடையாகவும் இருக்கவில்லை.

ஒரு கால பூசை மட்டும் நடக்கும் கோயில். குருக்கள் அடுத்த ஊரில் இருந்தார், சாவியும் அவரோடு இருந்தது. முன்கூட்டித் தெரிவிக்காமல் போனால் பூட்டைத் தரிசித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே ஒவ்வொரு பயணமும் ஓர் அஞ்சலட்டையில் தொடங்கும். அட்டை எழுதுவது என் வேலை. 'மேற்படி தேதியில் குடும்ப சமேதராய்த் தரிசனத்துக்கு வர உத்தேசம்' என்று எழுதுவேன். கீழே அர்ச்சனைக்குரிய பெயர்களை அவள் வரிசையாகச் சொல்வாள். அவள் வீட்டுச் சாமி என்பதால் முதற்பெயர் அவளுடையது. மாப்பிள்ளை என்ற தகுதியில் எனக்கு இரண்டாம் இடம்.

மற்ற ஏற்பாடுகள் அவளுடையவை. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நல்லெண்ணெய், தேன், எலுமிச்சம்பழம் என்று பட்டியல் நீளும். பாசஞ்சர் ரயிலில் சிதம்பரம், அங்கிருந்து டவுன் பஸ், பிறகு வயல் வரப்பில் நடை. இத்தனைக்கும் நேரம் குறித்து வைத்திருப்பாள். பயணத்துக்கு முந்திய நாள் எனக்கு ஒரு காரணம் தோன்றும். விடைத்தாள் திருத்தம், தஞ்சாவூரில் கருத்தரங்கு, வெள்ளாற்றில் வெள்ளம். வெள்ளம் மட்டும் ஒருமுறை உண்மை. மறுநாள் தட்டில் எலுமிச்சம்பழச் சாதம் விழும். எங்கள் வீட்டில் அது ஓர் உணவன்று, தீர்ப்பு.

முதன்முறை 'வர இயலவில்லை' என்று இன்னோர் அட்டை போட்டேன். அது எங்களுக்கு நேர்ந்திருக்க வேண்டிய தரிசனத்துக்கு இரண்டு நாள் கழித்துத்தான் குருக்களிடம் போய்ச் சேர்ந்தது. அவரிடமிருந்து அந்த உறையும் ஒரு துண்டுக் கடிதமும் வந்தன: 'உச்சிவேளை வரை பார்த்தேன். அம்மாள் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டேன். பொங்கலை நடவு ஆட்களுக்குக் கொடுத்தேன்.' எனக்கு வெட்கமாக இருந்தது. அவளோ திருநீற்றைப் பூசிக்கொண்டு, கடிதத்தை இரண்டாம் முறை படித்தாள்.

"நாம போவலன்னா என்னா, பேரு போயிருக்குல்ல" என்றாள்.

அதன்பின் ரத்து அட்டை எழுத அவள் என்னை விடவில்லை. எலுமிச்சம்பழம் நீங்கலாக, குருக்களுக்கு வேண்டிய பொருள்களை முன்னதாகவே அனுப்பிவிடுவாள். நான் உத்தேசித்துக்கொண்டே இருந்தேன். அவள் பெயர் போய்க்கொண்டே இருந்தது. பதினொரு முறை. பிறகு அவளுக்கு முழங்கால் வலி வந்தது, பிறகு மருத்துவமனைகள் வந்தன. அங்கெல்லாம் நான் ஒருமுறைகூடத் தவறாமல், குறித்த நேரத்துக்குப் போனேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

இழுப்பறையில் உறைக்கு அடியில் அவள் கையால் எழுதிய அர்ச்சனைப் பட்டியல் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துக் கைப்பேசியில் எழுதி அனுப்பினேன்.

கால் மணி நேரத்தில் அழைப்பு வந்தது. பழைய குருக்கள் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது பூசை செய்வது அவர் மகன். சற்றுத் தயங்கினார்.

"சார், லிஸ்ட் வந்துது. மொதல்ல அம்மா பேரு இருக்கு. சென்னையிலேர்ந்து அக்கா போன்ல சொன்னாங்க, அம்மா வந்து..."

"பழைய தாளப் பாத்து எழுதிட்டேன். எடுத்துடுங்க."

"சரிங்க சார்."

பேச்சு அங்கேயே முடிந்திருக்கலாம். நான்தான், அவர் தந்தை கடிதங்களைக் கம்பியில் குத்தி வைக்கும் வழக்கம் உண்டா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. சரித்திர ஆசிரியனுக்கு ஆவணங்களின் மேல் உள்ள பற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இருந்துது சார். பழைய வீட்ட இடிக்கச்சொல்ல எல்லாம் போயிடுச்சு. ஒங்க கார்டு எனக்கு ஞாபகம் இருக்கு." சிரிப்பை அடக்குவது கேட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்களுக்கு எங்க வீட்ல உத்தேசம் சார்னுதான் பேரு. கார்டு வந்தாலே அப்பா சொல்லுவாரு, உத்தேசம் சார் வரமாட்டாரு, அந்தம்மா பேருக்கு அர்ச்சனையப் பண்ணிட்டு வந்துடுறேன்னு."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். சனிக்கிழமை நிச்சயம் வருகிறோமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன்.

ஆறரைக்கு வண்டி. எலுமிச்சம்பழம் வாங்க வேண்டியதில்லை. எல்லாம் அங்கேயே ஏற்பாடாகிவிட்டதாம். இம்முறை நாங்கள் போகிறோம். பேர் போகவில்லை.