பீரோவுக்குள் வைஃபை

நெட் மெதுவாக வருகிறது என்ற புகாருக்காக பேகம்பூருக்குப் போனேன். வீட்டில் வெள்ளை முக்காடு போட்ட ஓர் அம்மா, துபாயிலிருக்கும் மகனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். படம் நிற்கும்போதெல்லாம் முக்காட்டு நுனியால் செல்போனைத் துடைத்தார்.

“ஒடம்பு சரியில்லங்கிறான் தம்பி. மொகமே தெரிய மாட்டேங்குது. எதாச்சும் பண்ணுங்க.”

மகன் வாங்கித் தந்ததாயிற்றே என்று, வைஃபை பெட்டியை இரும்புப் பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். இரும்பைத் தாண்டி சிக்னல் எப்படி வரும்? பெட்டியை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். படம் தெளிந்தது. கன்னம் ஒட்டி, கண் குழிந்த ஒரு முகம்.

“நல்லாத்தாம்மா இருக்கேன்” என்றது அது.

அம்மா மறுபடியும் திரையைத் துடைத்தார். பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“பழையபடி பீரோவுலயே வச்சிருங்க தம்பி.”

வைத்துவிட்டு வந்தேன். அந்த மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.