வாய் பார்க்கும் நாந்தோர்

பேசும்போது நாந்தோர் அண்ணன் உங்கள் கண்ணைப் பார்க்க மாட்டார். வாயைத்தான் பார்ப்பார். புதிதாகப் பழகுகிறவர்கள், பல்லில் கீரை ஒட்டியிருக்கிறதோ என்று நாக்கால் துழாவுவார்கள். "இவரு என்னை விரும்புறாரா, இல்ல பல் டாக்டரான்னு ஒரு வருஷம் குழம்பிப்போனேன்," என்று அவர் மனைவி போரி அண்ணி இன்றும் குத்திக்காட்டுவார்.

எல்லாம் தொழில் கொடுத்த பழக்கம். புடாபெஸ்ட் உணவகங்களில் முப்பத்தெட்டு வருஷமாக வயலின். நான் அவர் பின்னால் டபுள்பாஸ் என்கிற ஆளுயர வாத்தியத்தோடு நிற்கிறவன். இந்தக் கூத்தில் எனக்கும் இருபது வருஷப் பங்கு உண்டு. சாப்பிட வந்த ஆளுக்கு மூன்றாவது கோப்பை ஒயினுக்கு மேல் பாட்டு வந்துவிடும். அண்ணன் அவர் காதருகே போய் நின்று வாசிப்பார். அந்த ஆள் சுருதி தப்பினால் வயலினும் தப்பும். பாதியில் அழத் தொடங்கினால் வயலினும் காத்திருக்கும். உதடு பிரிவதற்குள் அடுத்த சொல் எங்கே இறங்கும் என்று அண்ணனுக்குத் தெரிந்துவிடும். "விருந்தாளி தப்பாப் பாடவே மாட்டாருடா. நாமதான் தப்பா வாசிப்போம்," என்பது அவர் வேதம்.

ஆளே ஒரு தினுசு. கோட்டுப் பையில் வில்லுக்குப் பூசும் ரோசின் கட்டியோடு ஒரு காய்ந்த மிளகாயும் கிடக்கும். கேட்காமலே நம் சூப்பில் நொறுக்கிப் போட்டுவிடுவார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். செய்தித்தாளைவிட வேகமாகப் படிப்பார்.

சென்ற மாதம் ஒரு சினிமாவுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். கதையில் ஓபரா பாடகி ஒருத்தி, ஊர் ஜிப்சி என்று சொல்லும் எங்கள் ரோமா இனத்தான் ஒருவனோடு ஓடிப்போகிறாளாம். அதனால் ஓபராவும் எங்கள் இசையும் ஒரே பாட்டில் சேர்ந்து ஓட வேண்டுமாம். படத்தின் முடிவில் வாசித்தவர் பெயர் வரும் என்றார்கள். இத்தனை வருஷமும் உணவகப் பலகையில் மீன் சூப்புக்குக் கீழே 'ஜிப்சி இசை உண்டு' என்றுதான் போட்டிருந்தது. நாந்தோர் பூக்கா என்ற பெயர் எங்கேயும் வந்ததில்லை. முகம் தெரியாது, பெயர்தான் வரும் என்று அண்ணி எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அன்றைக்கே போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

வினை ஹெட்போன் வடிவத்தில் வந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகி எனிகோ கண்ணாடி அறைக்குள் நின்றார். எங்கள் உணவகக் கோஷ்டியும் நாற்பது பேர் வாத்தியக் குழுவும் வெளியே. எல்லார் காதிலும் தாளத்துக்காக டக் டக் என்று ஒரு சத்தம். அதைவிட்டு இம்மியும் நகரக் கூடாது என்பது இளம் இசையமைப்பாளர் வில்மோஷின் கட்டளை. மூன்றாவது தடவை வாசித்தபோது, உச்ச ஸ்தாயிக்கு இரண்டு டக் முன்பே எனிகோ புறப்பட்டுவிட்டார். குழு டக் டக்கோடு நின்றது. அண்ணன் பாடகியோடு பாய்ந்துவிட்டார். பழக்கதோஷம், நாங்களும் அவர் பின்னாலேயே ஓடினோம்.

வில்மோஷ் கையைத் தூக்கி நிறுத்தினார். "யாரைக் கேட்டு முன்னாடி போனீங்க?"

"பாடுறவங்க கிளம்பிட்டாங்க தம்பி. நான் மட்டும் உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"அவங்க தப்பாக் கிளம்பினாங்க."

"அதனாலதான் கூடப் போனேன். தனியாப் போனாத்தான் தப்பு. ரெண்டு பேராப் போனா அது பாட்டு."

நான் சிரித்தேன். வில்மோஷ் சிரிக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவைதான், சரிவராவிட்டால் நாளைக்கு வேறு வயலின்காரர் வருவார் என்று சொல்லிவிட்டார். வேறு வயலின் என்றால் வேறு பெயர். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு எனிகோ வெளியே வந்தார். "அந்த மீன்தொட்டிக்குள்ள நின்னு இனி நான் பாடுறதா இல்ல. நான் தடுக்கி விழுந்தப்போ கை கொடுத்தவர் இவர் ஒருத்தர்தான். இவர் பக்கத்துலயே நிக்கிறேன்."

"அப்போ டக் டக்?"

"அதை நீங்களே கேட்டுக்கோங்க."

வில்மோஷ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி. ஆனா கடைசிச் சுரம் அடங்கி, பதிவு முடிஞ்சு சிவப்பு விளக்கு அணையுற வரைக்கும் ஒரு சின்னச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. கேட்டா இதுவும் குப்பைதான்."

எனிகோ பாடினார். அண்ணன் அவர் காதருகே நின்று, அவர் தயங்கிய இடத்தில் தயங்கி, ஏறிய இடத்தில் ஏறினார். முழுக் குழுவும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு பேர் பின்னால் வந்தது.

கடைசிச் சுரம் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. எங்களில் ஒரு மரியாதை உண்டு: பாட்டு முடிந்தால் பாடிய பெண்ணின் கையில் முத்தமிட வேண்டும். அண்ணன் வில்லைத் தாழ்த்தி, எனிகோவின் கையை எடுத்து, குனிந்தேவிட்டார். உதட்டுக்கும் கைக்கும் அரை விரல் தூரம் இருக்கும்போதுதான் சுவரில் எரிந்த சிவப்பு விளக்கு அவர் கண்ணில் பட்டது. குனிந்தபடியே நின்றார். அறுபத்திரண்டு வயது முதுகு கோட்டுக்குள் நடுங்கியது. எனிகோவும் கையை அசைக்கவில்லை.

விளக்கு அணைந்தது. முத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.