குதிக்கிற காரில் ஓட்டப் பழக்குகிறேன்

கார் பழக்குகிறவள் காலடியில் இருப்பது ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும்தான்; ஆக்சிலேட்டர் எப்போதும் அடுத்தவர் காலில் இருக்கும்.

எங்கள் பாகூர்ப் பக்கத்தில் லைசென்ஸை வாங்கி பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டு, வாசலில் நிற்கிற காரைத் தொடப் பயப்படுகிற பெண்கள் நிறையப் பேர். அவர்களை ரோட்டுக்குப் பழக்குவது என் வேலை. மகள் யாழினியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால், திரும்ப அழைக்கப் போகிறவரை வகுப்பு. அவர்கள் வண்டியில் என் பக்கம் பிரேக் கிடையாது. அதனால் எல்லோரும் எங்கள் பழைய சின்னக் காரில்தான் பழக வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. என் வீட்டுக்காரர் குமார் மெக்கானிக். கம்பெனி கொடுத்த இன்ஜினில் ஒரு நட்டைக்கூட மாற்றாமல், பழைய சாமான் கடையில் கிடைத்த சூப்பர்சார்ஜரைப் பக்கத்தில் வைத்து பெல்ட் போட்டு மாட்டிவிட்டார். ஊதுகுழலால் ஊதினால் அடுப்பு குப்பென்று பிடித்துக்கொள்கிறதே, அந்த வேலையை இன்ஜினுக்குச் செய்கிற சாமான் அது. ஊதுகுழல் புதுசு, அடுப்பு அதே பழைய அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் பானெட்டைத் திறக்கச் சொல்லி வாயைப் பிளப்பதால், கழற்றவே மாட்டேன் என்கிறார். வீட்டுக்காரர் கைவைத்த பொருளைத் தினமும் உபயோகிக்கிற சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏரிக்கரைப் பாய்ச்சல்

பரிமளா தையல்காரி. மோட்டார் மிஷினில் ஜாக்கெட் தைத்துப் பழகிய கால். "மெதுவா, முட்டை மேல காலை வைக்கிற மாதிரி வை" என்று சொல்லித்தான் ஏரிக்கரை ரோட்டில் உட்கார வைத்தேன். அவளும் மெதுவாகத்தான் வைத்தாள். மற்ற கார் என்றால் அந்த மிதிக்கு ஒரு முக்கு முக்கி நகரும். எங்கள் கார் எட்டிக் குதித்தது. பயந்ததில் பரிமளா, மிஷினை அழுத்துகிற மாதிரி காலை இன்னும் அழுத்திவிட்டாள்.

நான் என் பிரேக் மேல் ஏறியே நின்றேன். முன்னால் போன எருமை திரும்பிப் பார்த்தது. எந்த எருமையின் கண்ணும் என் கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. பரிமளா ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி கேட்டாள்: "ஏன்க்கா, என் மிஷின் நூல் அறுந்தா நின்னுடும். இது இன்னா அறுந்தா நிக்கும்?"

தவளக்குப்பத்தில் வழிவிட்டார்கள்

இந்தச் சாமானுக்குக் குரல் வேறு உண்டு. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க 'ஊய்ய்ங்' என்று ஏறும். வீட்டுக்காரருக்கு அது சங்கீதம். தவளக்குப்பம் சந்திப்பில் ஸ்டெல்லா கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு, வண்டி நின்றுவிடுமோ என்ற பயத்தில் ஆக்சிலேட்டரைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஊய்ய்ங், ஊய்ய்ங்.

டிராபிக் போலீஸ்காரர் சட்டென்று நான்கு பக்கமும் நிறுத்தினார். கடலூர் பஸ் நின்றது, பால் வண்டி நின்றது, எல்லோரும் ஓரம் கட்டினார்கள். அவர் எங்களைப் பார்த்து வேகமாகக் கையை ஆட்டினார். ஊரே தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் ஸ்டெல்லா இரண்டு காலையும் தூக்கிவிட, இன்ஜின் அணைந்தது. குரலும் போயிற்று. போலீஸ்காரர் நடந்து வந்து பின் சீட்டை எட்டிப் பார்த்தார். யாழினியின் தண்ணீர் பாட்டில் மட்டும் படுத்திருந்தது. "இன்னாமா, பேஷண்ட் எங்க? எறங்கி நடந்து போயிட்டாரா?"

கரும்பு வண்டிக்குப் பின்னால்

வசந்தா டீச்சருக்குக் கால் பக்குவமான கால். இவர் தேறிவிடுவார் என்று நம்பினேன். நெட்டப்பாக்கம் ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போனது. அகலமோ ரோட்டளவு, வேகமோ நடையளவு. ஓடும்போது பாய்கிற எங்கள் வண்டிக்கு ஊர்வது ஆகாது. மூன்றாம் கியரில் உருட்டினால் தகர டப்பாவில் ஜல்லி போட்டுக் குலுக்குகிற சத்தம் வரும். கியரைக் குறைத்தாலோ சூடு ஏறும்.

சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விட்டது. அதற்கு ஒரு வைத்தியம் உண்டு: வண்டிக்குள் இருக்கிற ஹீட்டரைப் போட்டால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் நம் பக்கம் வந்துவிடும். சித்திரை வெயிலில் போட்டேன். டிராக்டர் மில் பக்கம் திரும்புகிறவரை இரண்டு பேரும் வெந்தோம். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "நான் கார் பழக வந்தேம்மா. நீ என்னை இட்லிப் பானையில உக்கார வெச்சிருக்கே."

கழற்ற மாட்டேன் என்றவர்

பரிமளாவுக்குத் திடீரென்று ஆர்டர் நிறைய வந்துவிட்டது. ஸ்டெல்லாவுக்கு முழங்கால் வலி. டீச்சருக்குப் பரீட்சைப் பேப்பர். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்ட பிறகு மிச்சம் நின்றது ஜெயந்தி ஒருத்தி. நர்ஸ். நெட்டப்பாக்கம் பக்கத்துத் துணைச் சுகாதார மையத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. அவளும் போய்விட்டால் என் வகுப்பை மூடிவிட்டு நான் வடகம்தான் போட வேண்டும். அவளும் சொல்லிவிட்டாள், இன்னொரு தடவை இது குதித்தால் வரமாட்டேன் என்று.

ராத்திரிச் சோற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் கேட்டேன். கோபமாகக் கேட்டேன், கெஞ்சியும் கேட்டேன். அவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "வண்டி மேல ஒரு கொறையும் இல்லடி. ஒன் ஆளுங்களுக்குத்தான் காலு சரியில்ல."

ரோஸ் கலர் வைத்தியம்

மறுநாள் யாழினியின் பழைய, பூனைப் படம் போட்ட ரோஸ் கலர் ரப்பர் செருப்பு கண்ணில் பட்டது. வார் அறுந்து, அவளுக்குச் சின்னதாகிப்போன செருப்பு. குதிகால் பக்கத்தைத் துண்டாக வெட்டி மடித்து, ஆக்சிலேட்டருக்குப் பின்னால் வைத்து, சைக்கிள் டியூப் கிழித்து இறுக்கிக் கட்டினேன். உருவிக்கொள்ளாது, நழுவாது, பயத்தில் ஓங்கி மிதித்தாலும் பாதியில் நின்றுவிடும். வாரநாளில் வீட்டுக்காரர் பைக்கில்தான் போவார். சனிக்கிழமை சாயந்திரம் கழற்றி வைத்துவிட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை.

ஜெயந்தி அன்றைக்கு வேண்டா வெறுப்பாக உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. குதிக்கவில்லை, ஊளையிடவில்லை. நெட்டப்பாக்கம் போகிறவரை என் கால் பிரேக்கைத் தொடவே இல்லை. மையத்து வாசலில் நிறுத்திவிட்டு, ஜெயந்தி கவலையோடு திரும்பினாள்: "ஏன்க்கா, வண்டிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? நல்லாப் போவுதே!"

மதகடிப்பட்டு ஞாயிறு

பள்ளிக்கூட ஆண்டு விழா வந்த சனிக்கிழமை, யாழினிக்கு மயில் வேஷம் கட்டுகிற அவசரத்தில் செருப்பைக் கழற்ற மறந்துபோனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர், "வாங்க, மதகடிப்பட்டு சேகரு வூட்டுக்குப் போலாம்" என்று எங்களை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் ஊர்த் தெருவும் வேகத்தடையும்; ஓங்கி மிதிக்க அவருக்கு இடமே கிடைக்கவில்லை. அவருடைய சிநேகிதர் சேகர் தன் மனைவி கலாவுக்குக் கார் வாங்கிக் கொடுத்திருந்தார். அது வாசலில் தூசி படிந்து நின்றது. பிக்கப் இருந்தால் அவளுக்கு ஓட்டுகிற ஆசை வரும், அதனால் அதிலும் ஒன்று மாட்ட வேண்டும் என்பது ஆண்கள் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த வழி. எங்கள் காரை ஓட்டிக் காட்டுவதற்காக விழுப்புரம் ரோட்டுக்குப் போனோம். முன்னால் அவர்கள், பின்னால் நான், யாழினி, கலா.

"எல்லாம் நல்லாப் புடிச்சிக்கோங்க!" என்று வீட்டுக்காரர் ஓங்கி மிதித்தார். எனக்கு அப்போதுதான் செருப்பு ஞாபகம் வந்தது.

பிடித்துக்கொள்ள ஒன்றும் நடக்கவில்லை. வண்டி, சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் போகிற மாதிரி மரியாதையாகப் போயிற்று. தவிட்டு மூட்டை ஏற்றிய மொபெட் ஒன்று எங்களை முந்தியது. வீட்டுக்காரர் ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், பைப்பை அழுத்திப் பார்த்தார், வியர்த்தார். சேகர் சும்மா இருக்காமல் டிரைவர் பக்கம் குனிந்து கையை விட்டுத் துழாவினார். டியூபோடு வந்தது செருப்புத் துண்டு. "டேய் குமாரு, ஒன் சூப்பர்சார்ஜருல பூனைப் படம் போட்டிருக்குதுடா!"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கரும்புத் தோட்டத்தைப் பார்த்தேன். யாழினி, "அது என்னுது" என்று கையை நீட்டினாள். கலா அதை முந்தி வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதற்குக் கட்டினேன் என்பதிலிருந்து, ஜெயந்தி இப்போது தன் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவது வரைக்கும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கணவருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "அந்த ஊதற சாமான் எனக்கு வேணாம்க்கா. இந்தச் செருப்பை மறுபடியும் கட்டுங்க, நாளைக்கே பழக வரேன்."

கலா வந்தாள், அவள் சொல்லி இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், பரிமளாவுக்கும் ஆர்டர் குறைந்துவிட்டது. ஆக, ஊரே வாயைப் பிளந்து பார்ப்பது வீட்டுக்காரர் மாட்டியதை, நம்பி ஏறி உட்காருவது நான் கட்டியதை.