வானகரம் ரோட்டில் வாய் மூடி வந்த நாள்

எங்கள் அம்பாசிடருக்கு ஹாரனே வேண்டாம், அண்ணி முன் சீட்டில் உட்கார்ந்தால் போதும் என்று என் கொழுந்தன் சொல்லுவான். அதைக் கேட்டுச் சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். என் வாய் அப்படிப்பட்டதுதான், இல்லை என்று சாதிக்க மாட்டேன். ரேஷன் கடைக்காரர் முதல் பங்குச் சாமியார் வரைக்கும் ஒருத்தரையும் விட்டு வைத்ததில்லை. ஆனால் காரில் ஏறினால் நான் வாய் ஓயாமல் பேசியதற்குக் காரணம் வேறு. அது என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் அந்த வண்டியை வாங்கினோம். ஆவடியில் ஒரு டாக்டர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய வண்டி, பாலேட்டு நிறம். மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்த அன்று என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில், இரும்பு அச்சுகளை மைக்ரோமீட்டர் வைத்து அளக்கிற வேலை அவருக்கு. அங்கே மேலதிகாரிகளே ஸ்கூட்டரில் வந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பனியனை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தால் பூசைக்கு மணி அடிக்கும் வரை துடைப்பார். என் பக்கத்துக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் திறந்துகொள்ளும். வெயில் காலத்தில் ரெக்சின் சீட் தொடையைச் சுட்டுவிடும். மழை பெய்தால் மிதியடிக்குக் கீழிருந்து தண்ணீர் வரும். எனக்கு அதெல்லாம் ஒரு குறையாகவே தெரியவில்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து திருமுல்லைவாயில் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது, பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை ஒரு பார்வை பார்ப்பேன் பாருங்கள், அவ்வளவு திமிர் எனக்கு.

தொண்ணூறுகள் பிறந்து கொஞ்ச நாளில் அவர் எதிலாவது இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். வீட்டில் ஸ்டூலில் இடிப்பார், கடையில் ஆள் மேல் இடிப்பார். ஒரு நாள் ஓரமாக நின்ற இஸ்திரி வண்டியை உரசிவிட்டு, உரசியதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தார். கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணில் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, நேராகத் தெரிவது மட்டும் மிச்சம் என்றார் டாக்டர். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வண்டி ஓட்டாதீர்கள் என்று அவர் சொன்னதை நானும் என் காதால் கேட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் சொன்னார்.

"கம்பெனில தெரிஞ்சா என்னை டூல் ரூம்ல வச்சிப்பானுங்கன்னு நெனக்கிறியா?"

"மைக்ரோமீட்டர் நேராத்தானே பாக்கறீங்க. அது தெரியுதில்ல?"

"தெரியுது. ஆனா வண்டிய நிறுத்திட்டா ஏன் நிறுத்தினேன்னு கேப்பானுங்களே. இன்னா சொல்றது?"

மகள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள், வேலை போனால் அவள் படிப்பும் போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்கு வண்டியை எடுத்தபோது நான் தடுக்கவில்லை. கதவைத் தூக்கிச் சாத்திவிட்டு, "மெதுவா போங்க. பீச்சாங்கை பக்கம் ஒரு நாய் கீது" என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பாமலேயே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சோத்தாங்கைப் பக்கம் லாரி, பீச்சாங்கைப் பக்கம் சைக்கிள், ஓரத்தில் மாடு, கூடைக்காரம்மா இறங்குகிறாள், பள்ளம். எல்லாவற்றையும் சொல்லுவேன். பின் சீட்டில் ஆள் இருந்தால் சண்டை போடுகிற குரலில் சொல்லுவேன். "கண்ண எங்க வச்சிகினு ஓட்டறீங்க, ஆட்டோ வருதில்ல" என்பேன். அவர், "எனக்குத் தெரியும், நீ சும்மா வா" என்று எரிந்து விழுவார். விழுந்துகொண்டே ஆட்டோவுக்கு வழி விடுவார். பார்க்கிறவர்களுக்கு வாயாடிப் பெண்டாட்டியும் பாவப்பட்ட புருஷனும். தனியாகப் போகும்போது நான் மெதுவாகத்தான் சொல்லுவேன். வீட்டுக்கு வந்து இறங்கியதும் என் தோளைத் தட்டிவிட்டுப் போவார். ஊரார் உயிரை எங்கள் கௌரவத்துக்காகப் பணயம் வைக்கிறோம் என்று எனக்கு ஏன் அப்போது உறைக்கவில்லை என்று யோசிக்கிறேன். உறைத்திருக்கும். தள்ளி வைத்துவிட்டேன்.

கொழுந்தன் வானகரத்தில் வீடு கட்டினான். புது வீடு மந்திரிப்புக்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனதும் பந்தலில் பிரியாணி. என் வீட்டுக்காரர் தட்டோடு வரும்போது ஓரத்தில் கிடந்த நாற்காலியில் முட்டிக்கொண்டார். குழம்பு ஒரு பெரியவர் வேட்டியில் கொட்டியது.

"இன்னாண்ணா, ரெண்டாவது தபா இட்சிகினே. கண்ணு கிண்ணு ஏதாவது பிரச்சினையா?" என்றான் கொழுந்தன். விளையாட்டாகக் கேட்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

என் வீட்டுக்காரர் தட்டைக் கீழே வைத்தார். பிறகு வாய் விட்டுச் சிரித்தார்.

"கண்ணு நல்லாத்தான் கீது. காதுதான் போச்சு. மேனாம்பேட்டுலேர்ந்து வானகரம் வரிக்கும் இவ கத்தன கத்துல தலை சுத்துது. இவ மட்டும் வாய மூடிகினு வந்தா நான் டெல்லி வரிக்கும் ஓட்டுவேன்டா. கட்டிகினு வந்த நாள்லேர்ந்து இதே ரோதனை."

பந்தலே சிரித்தது. ஒருத்தி என் முதுகில் தட்டி, "இன்னா அண்ணி, இப்டி சொல்லிட்டாரு" என்றாள். அவர் எதற்காக அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தம்பியின் வாயை அடைக்கச் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை எதற்கு? கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ரோதனையாம். முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்திருந்தேன். கண் தளும்பியது. சரிதான் போ, இனிமேல் வாயே திறக்கப்போவதில்லை, எப்படி ஓட்டுகிறான் பார்க்கலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆமாம், மனசுக்குள் 'அவன்' என்றுதான் சொன்னேன்.

சாயங்காலம் வெளிச்சம் மங்குவதற்குள் கிளம்பினோம். வழக்கமாக நான் "போலாம்" என்றால்தான் வண்டியைப் பின்னால் எடுப்பார். அன்று காத்திருந்து பார்த்துவிட்டு, "இன்னாமே, வாயில கொழுக்கட்டையா?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தானாக, அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தார்.

அயனம்பாக்கம் ஏரி வரைக்கும் ரோட்டில் கூட்டமில்லை. கோழி மாதிரி கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வெட்டி வெட்டிப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். நெற்றியெல்லாம் வேர்வை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நல்ல சந்தோஷமாகவே இருந்தது. "கோவமா? அவன் வாய அடைக்கத்தான் சொன்னேன். பேசும்மே" என்றார். படட்டும், நன்றாகப் படட்டும் என்று நான் பேசவில்லை.

ஏரி தாண்டி ஒரு மனையில் செங்கல் அடுக்கி வைத்திருந்தார்கள். அதை ஒட்டி என் பக்கம் ஒரு சந்து. சந்துக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டியவர் லுங்கி கட்டியிருந்தார், முன் பாரில் துண்டைச் சுற்றி அதன் மேல் ஒரு சின்னப் பெண்ணை உட்கார வைத்திருந்தார். ரெட்டைப் பின்னல் போட்ட குழந்தை. நான் பார்த்தேன். நன்றாக, தூரத்திலேயே பார்த்தேன். வார்த்தை தொண்டை வரை வந்தது. அவரே பார்க்கட்டும், டெல்லி வரைக்கும் ஓட்டுகிறவர்தானே என்று விழுங்கினேன்.

சைக்கிள் ரோட்டில் ஏறியது. என் வீட்டுக்காரர் கழுத்து அந்த நேரம் வலது பக்கம் திரும்பியிருந்தது. அப்போதுதான் கத்தினேன். "பீச்சாங்கை, சைக்கிள், பிரேக்" என்று என்னென்னவோ கத்தினேன். அவர் எழுந்து நிற்கிற மாதிரி பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. நிற்பதற்கு முன்னால் பம்பர் சைக்கிளின் பின் சக்கரத்தைத் தட்டிவிட்டது.

அப்பா ஒரு பக்கம் விழுந்தார், குழந்தை செங்கல் பக்கம் விழுந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அழக்கூட இல்லை அது, கையை மட்டும் ஒரு மாதிரி மடித்துப் பிடித்துக்கொண்டிருந்தது. டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அந்த அப்பா எழுந்து வந்து என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்தார்.

"யோவ், கண்ணு தெரில உனக்கு?"

ரோட்டில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். என் வீட்டுக்காரர் அவர் கையைத் தட்டிவிடவில்லை.

"தெரில நைனா," என்றார். "ஓரத்துல வர்றது எனக்குத் தெரியாது. தெரிஞ்சே ஓட்டினேன். என் மேலதான் தப்பு."

அதுவரை யாரிடமும் சொல்லாத விஷயத்தை முன்பின் தெரியாத டீக்கடைக் கூட்டத்துக்கு நடுவில் சொன்னார். சட்டையைப் பிடித்தவர் கையை எடுத்துவிட்டார். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் பார்த்தேன், நான்தான் சொல்லவில்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். என் வாய்க்கு என்ன வந்தது? ஊரெல்லாம் பேசுகிற வாய்.

சாவியை அவர் கூட்டத்தில் ஒருவரிடம் கொடுத்தார், லாரி ஓட்டுகிறவராம். அவர்தான் அம்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். நானும் குழந்தையும் அதன் அப்பாவும் பின் சீட்டில். என் வீட்டுக்காரர் என் இடத்தில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார். குழந்தை நல்ல கையால் என் முந்தானையைப் பிடித்திருந்தது. வழியெல்லாம் அதன் அப்பா என்னிடம், "நீ கத்தலன்னா எம் பொண்ணு போயிருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

முன்கை எலும்பு முறிவு. மாவுக்கட்டு பிரிக்கும் வரைக்கும் என் வீட்டுக்காரர் பஸ்ஸிலும் நடந்துமாக அந்த வீட்டுக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்வந்தார். நான் ஒரு தடவைதான் போனேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தது, அதற்குப் பிறகு போக முடியவில்லை. கை கூடிவிட்டது என்று அவர்தான் வந்து சொன்னார். வண்டியை விற்றுவிட்டார். கம்பெனியிலும் போய் உண்மையைச் சொன்னார். வேலையை விட்டுத் தூக்கவில்லை, ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். அதற்காகவா இத்தனை நாடகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொழுந்தன் வந்து என் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "எத்தினி நாளு அண்ணி உங்கள கிண்டல் பண்ணிகினு இருந்தோம். நீங்க இல்லன்னா அண்ணன் எப்பவோ யாரையாவது கொன்னுருக்கும்" என்றான். இருக்கட்டும்பா என்றேன். என்னைப் பற்றிச் சொந்தத்தில் பேச்சே மாறிவிட்டது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லப் போகும்போதெல்லாம் கோபப்பட்டேன் என்று மட்டும் சொல்லுவேன். எல்லாரும் சொல்லுகிற பாவம்தான், சாமியார் மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லுவார். சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

அவருக்கு நேர்ப் பார்வையும் மங்கிக்கொண்டே வந்து, தொண்ணூறுகள் முடியும்போது வெளிச்சம் இருட்டு மட்டும்தான் மிச்சம். ஒரு நாள் சாயங்காலம் காபி கொடுத்தேன். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்த வானகரத்து நாளுல உன்ன எல்லார் எதிர்லயும் அசிங்கப்படுத்தினேன்," என்றார். "வேற ஒருத்தியா இருந்தா நல்லா படட்டும்னு கடசி வரிக்கும் கம்முனு இருந்திருப்பா. நீ அத மனசுல வச்சிக்காம கத்தின பாரு. நான் ஒண்ணும் புண்ணியம் பண்ணல, நீ எப்டி எனக்குக் கெடச்சே?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் முகம் என் குரல் வரும் என்று நினைத்த பக்கம் திரும்பியிருந்தது.

"காபி ஆறுது, குடிங்க" என்றேன்.