மீன்கள் மேலே வந்த காலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஏரியில் நடந்தது இது.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். லீவு நாளில் மீன் பிடிக்கப் போவேன். இதைச் சொன்னால் என் கூட வேலை செய்பவர்களே முதலில் சிரிப்பார்கள். பிறகு போனில் போட்டோ காட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரருக்குத் துணையாகக் கரையில் உட்கார்ந்திருந்தவள்தான் நான். இரண்டாவது வருடமே தூண்டில் ராடை என் கையில் வாங்கிக்கொண்டேன். இப்போது அவர்தான் எனக்குத் துணை. பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார்.

எனக்குப் பிடித்தது விரால். மற்ற மீன் மாதிரி இரை வைத்துவிட்டுக் காத்திருக்கிற வேலை இல்லை. ரப்பரில் செய்த தவளையைக் கோரைப்புல் ஓரமாக வீசி, நிஜத் தவளை போகிற மாதிரி விட்டு விட்டு இழுக்க வேண்டும். தண்ணீர் வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், கை குலுங்கும், அவ்வளவுதான். சித்திரை, வைகாசியில் விடிவதற்கு முன்பே போனால்தான் உண்டு. ஐப்பசியில் மழை விழுந்து தண்ணீர் குளிர ஆரம்பித்துவிட்டால் விரால் சோம்பேறியாகிவிடும். வெயில் வந்த பிறகு, சூடு படும் கரையோரமாக வந்து நிற்கும். எந்த மழைக்குப் பிறகு எந்தக் கரையில் நிற்கும் என்று என்னால் சொல்ல முடியும். எங்கள் பக்கத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது, நூறு பேருக்கு மேல். அதில் பெண் நான் ஒருத்திதான். ஆனால் மழைக்காலம் வந்தால், அக்கா என்ன சொல்றாங்க என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

அந்த ஏரியை ஊரில் உள்ள ஒரு மகளிர் குழு குத்தகைக்கு எடுத்து, கட்லா, ரோகு என்று கெண்டை மீன்களை வளர்த்தது. பன்னிரண்டு பெண்கள். குழுவுக்குத் தலைவி ஐம்பது வயது இருக்கிற ஓர் அக்கா. யாரையும் தூண்டிலோடு கரையில் ஏற விடமாட்டார். எனக்கு மட்டும் அனுமதி கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் விடும் குஞ்சு மீன்களை விரால் தின்றுவிடும். "வெரால எவ்ளோ வேணும்னாலும் புடிச்சிக்க நர்ஸம்மா. எங்க கெண்டைய மட்டும் தொடாத" என்று சொல்லித்தான் விட்டார். இரண்டு வருடமாக அந்த வார்த்தையை நான் மீறியதில்லை.

அந்த வருடம் புரட்டாசி முழுக்க வெயில் கொளுத்தியது. ஏரித் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. ஐப்பசி பிறந்ததும் மூன்று நாள் மூட்டம். சூரியனே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு நானும் வீட்டுக்காரரும் கரையில் ஏறினோம். கல்வராயன் மலை இருக்கிற பக்கம் வெறும் மேகம்தான் தெரிந்தது. காற்றே இல்லை. தண்ணீரில் கையை வைத்தால் ஜில்லென்று இருந்தது.

ஏரியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். மதகிலிருந்து அந்தக் கோடி வரை தண்ணீருக்கு மேலே மீன் வாய்கள். கட்லா, ரோகு எல்லாம் கூட்டம் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மழைத்துளி விழுவது போல ஏரி முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். பத்து வருடத்தில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. தண்ணீர் குளிர்ந்துவிட்டது, மீனுக்கு நல்ல பசி, மேலே வந்து மேய்கிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

போனை எடுத்து வீடியோ பிடித்தேன். ஏரியின் பெயரைப் போட்டு, 'தண்ணி குளிர்ந்தாச்சு, ஏரி பூரா மீன், இந்த மாதிரி பார்த்திருக்கவே மாட்டீங்க' என்று எழுதி வாட்ஸப் குழுவில் அனுப்பினேன். அனுப்பிவிட்டுத்தான் ராடையே பையிலிருந்து எடுத்தேன்.

கால் மணி நேரம் வீசியிருப்பேன். ஒரு விராலும் தொடவில்லை. அது பரவாயில்லை. ஆனால் தவளை தொப்பென்று நடுவில் விழுந்தபோதும் அந்தக் கெண்டைக் கூட்டம் கலையவில்லை. வீட்டுக்காரர் கரைக் கல்லில் குனிந்து கையை நீட்டினார். ஒரு பெரிய கட்லாவின் முதுகைத் தொட்டே விட்டார். அது நகரவில்லை.

"இன்னா இது, ஓட மாட்டேங்குது" என்றார்.

அப்போதுதான் நான் உட்கார்ந்து ஒரே ஒரு மீனை மட்டும் பார்த்தேன். அது எதையும் தின்னவில்லை. வாய் திறப்பதும் செவுள் விரிவதும் ரொம்ப வேகமாக, ஒரே சீராக இருந்தது. எங்கள் வார்டில் ஆக்சிஜன் வைக்கக் கொண்டுவருகிற நோயாளிகள் அப்படித்தான் மூச்சு வாங்குவார்கள். கண்ணெதிரே ஒரு விரால் நிதானமாக மேலே வந்தது, ஒரு வாய் காற்றை விழுங்கியது, உள்ளே போய்விட்டது. விரால் காற்றைக் குடித்துப் பிழைக்கும். கெண்டையால் முடியாது. ஏரி முழுக்க மூச்சுத் திணறல். அதைத்தான் நான் அழகு என்று வீடியோ எடுத்திருந்தேன்.

தலைவி அக்காவுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் நாலைந்து பெண்களோடு ஓடி வந்தார். அதற்குள் கரையோரமாக இரண்டு மூன்று மீன் வெள்ளை வயிறு தெரியத் திரும்பியிருந்தது. அவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாத்தக் கலந்த?"

என் பையை வாங்கித் திறந்து, தூண்டில் சாமான் பெட்டியை முகர்ந்து பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். "நான் ஒண்ணும் கலக்கலக்கா. மீனு மூச்சு வுட முடியாம கெடக்குது. ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லி, மீன்வளத் துறையில் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் ஏரியைப் பார்க்காமலேயே சொன்னார். வெயிலில் காய்ந்த மேல் தண்ணீர் திடீரென்று குளிர்ந்து கீழே இறங்கும்போது, அடியில் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த கெட்ட தண்ணீர் மேலே வந்து கலந்துவிடும். மூன்று நாள் மூட்டத்தில் பாசி ஆக்சிஜன் விடாததும் சேர்ந்துகொண்டது. "தண்ணிய மேல அள்ளி அடிங்க. இன்ஜின் இருந்தா ஓட்டுங்க. யாரும் உள்ள எறங்காதீங்க, சேறு கெளம்பினா இன்னும் மோசம். வெயிலும் காத்தும் வர்ற வரைக்கும் தாக்குப் புடிச்சா பொழைச்சிடும்."

பக்கத்து வயல்காரரிடம் ஆயில் இன்ஜின் இருந்தது. ஏரித் தண்ணீரை இழுத்து, குழாயை மேலே தூக்கிக் கட்டி, திரும்ப ஏரியிலேயே கொட்டும்படி செய்தார்கள். கொட்டும் இடத்தைச் சுற்றி மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. இன்னோர் இன்ஜினைக் கொண்டுவர ஆள் போனது.

அந்த நேரத்தில்தான் முதல் பைக் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு மூன்று. சின்னசேலத்திலிருந்து, வடக்கனந்தலிலிருந்தெல்லாம் வந்துகொண்டே இருந்தார்கள். சிலரிடம் தூண்டில், சிலரிடம் வீச்சு வலை. ஒருவர் சாக்கே கொண்டு வந்திருந்தார்.

தலைவி அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "எவன் சொன்னான் இவனுங்களுக்கு? எழவு வூட்ல திருட வர்ற மாதிரி வந்துகினு இருக்கானுங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. குறைந்தது சாயங்காலம் வரைக்கும் தெரிந்திருக்காது.

"நாந்தான்க்கா. வீடியோ போட்டுட்டேன். மீனு மேயுதுன்னு நெனச்சிட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கையிலிருந்த செத்த மீனைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நீயே போயி அவங்கள நிறுத்து" என்றார்.

கரைக்கு ஏறுகிற பாதை மதகுக்குப் பக்கத்தில் ஒன்றுதான். அங்கே போய் நடுவில் நின்றேன். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு கூட்டத்தை வெளியே அனுப்புகிற குரல் ஒன்று எனக்கு உண்டு. அந்தக் குரலில் பேசினேன். நான் போட்டது தப்பு, மீன் மேயவில்லை, மூச்சு முட்டிக் கிடக்கிறது, இது பன்னிரண்டு பெண்கள் ஒரு வருடமாகப் பாடுபட்டு வளர்த்த மீன், வலையை வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள், எனக்குக் கைகள் வேண்டும் என்றேன்.

வலையோடு நின்ற ஒருவர், வாட்ஸப் குழுவில் என்னிடம் அடிக்கடி யோசனை கேட்பவர், "எப்படியும் சாவப்போற மீனுதானேக்கா. எடுத்துக்கினு போனா இன்னா?" என்று கேட்டார்.

"மூச்சு வாங்கறவங்க எல்லாம் சாவறதில்ல. எங்க வார்டுக்கு வந்து பாருங்க. நின்னு பாத்துக்கினா பொழைக்கறாங்க."

அவர் ஏரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வலையைச் சுருட்டி பைக் மேல் போட்டுவிட்டு, "குடம் எங்க இருக்குது?" என்றார்.

எல்லோரும் அவரைப் போல இல்லை. இரண்டு பேர் என்னைத் திட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். சாக்குக்காரர் ஏரியைச் சுற்றிப் போய் அந்தக் கோடியில் மீன் அள்ளினார். குழுப் பெண்கள் விரட்டுவதற்குள் பாதி சாக்கு நிரம்பியிருந்தது, அப்படியே போய்விட்டார். ஆனால் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். கரைக் கற்களின் மேல் வரிசையாக நின்று, குடத்தாலும் பக்கெட்டாலும் தண்ணீரை மொண்டு உயரமாக வீசினோம். ஒருவர் ஊருக்குள் ஓடி, வயலுக்கு மருந்து அடிக்கிற ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலைவி அக்கா தலையில் அடித்துக்கொண்டு, "மருந்து டேங்க்கு தம்பி அது. அப்படியே திருப்பி எடுத்துக்கினு போ" என்றார். அந்தக் காலையில் யாராவது சிரித்தது அப்போது மட்டும்தான்.

இரண்டாவது இன்ஜினும் வந்தது. மணி ஒன்பது ஆயிற்று. செத்த மீன்கள் கூடிக்கொண்டேதான் இருந்தன. அவை அழுகினால் தண்ணீர் இன்னும் கெடும் என்று பெண்கள் கூடைகளில் பொறுக்கினார்கள். ஒவ்வொரு கூடை என்னைத் தாண்டிப் போகும்போதும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தோள் இரண்டும் விட்டுப்போயிற்று. வீட்டுக்காரர் பக்கெட்டை வாங்க வந்தார், நான் கொடுக்கவில்லை.

பத்தரை மணி இருக்கும். முதலில் முகத்தில் காற்று பட்டது. அப்புறம் மலைப் பக்கம் மேகம் கொஞ்சம் விலகி, தண்ணீர்மேல் வெளிச்சம் விழுந்தது. ஏரி நெளிய ஆரம்பித்தது. நாங்கள் வீசிக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து எனக்குப் பக்கத்தில் நின்றவர் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, வாயி கம்மியாயிடுச்சி பாருங்க" என்றார். ஆமாம். நடு ஏரியில் ஒரு வாய்கூட இல்லை. மதகுப் பக்கம் மட்டும் கொஞ்சம் மிச்சம். அவையும் ஒவ்வொன்றாக உள்ளே போயின. எனக்குத் தெரிந்த கட்லா ஒன்று, ரொம்ப நேரமாக என் காலடியிலேயே கிடந்தது, வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறைந்தது. மீன் கண்ணுக்குத் தெரியாமல் போனதற்கு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

ஏழெட்டுக் கூடை மீன் செத்திருந்தது. கரைக்கு வெளியே குழி வெட்டிப் புதைத்தார்கள். மற்றதெல்லாம் தப்பித்தது என்று அடுத்த வாரம் வலை போட்டபோது தெரிந்தது. அன்று நானும் போய் அந்தப் பெண்களோடு வலை இழுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை கிளம்புவதற்கு முன் தலைவி அக்காவிடம் போய் நின்றேன். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் கையை நீட்டி, "அந்தப் படத்தக் காட்டு" என்றார். வாட்ஸப் குழுவிலிருந்து அழித்திருந்தேன், என் போனில் இருந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, இரண்டு முறை முழுசாகப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்குது" என்றார். "எனக்குந்தான் இன்னா தெரியும், நானும் மேயுதுன்னுதான் நெனச்சிருப்பேன். ஆனா நெனச்சதோட நின்னிருப்பேன்."

போனை என் கையில் வைத்துவிட்டு இன்ஜினை நிறுத்தப் போய்விட்டார்.

இன்றைக்கும் நான் மீன் பிடிக்கப் போகிறேன், வாட்ஸப் குழுவில் இன்றைக்கும் என்னிடம்தான் கேட்கிறார்கள், நானும் தயங்காமல் பதில் சொல்கிறேன். ஆனால் எனக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் நான் இதுவரை யாருக்கும் கெடுதல் செய்ததில்லை, நன்றாகத் தெரிந்த இடத்தில்தான் செய்தேன். அதனால் ஏரிக்கரையானாலும் வார்டானாலும், பார்த்த உடனே எல்லாம் புரிந்துவிட்டது என்று தோன்றும்போதுதான் நான் உட்கார்ந்து இன்னொரு முறை பார்க்கிறேன்.