பனியனுக்குள் போன நாடகம்

பேரன் புதுப் பனியனைப் பிரித்தபோது எழுந்த பஞ்சு வாசத்தில், நாங்கள் நாற்பது பெண்கள் உட்கார்ந்து, விறைப்புக்காகப் பழைய தாளை உள்ளே வைத்துப் பனியன் மடித்த மண்ணரைப் பனியன் கம்பெனி நினைவில் திரும்பி வந்தது. ஒருமுறை வந்த தாளெல்லாம், வேலை போன வாத்தியாரான என் அப்பா எடைக்குப் போட்டவை: இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ் கவிதையும் சிரிப்பு நாடகமும். அவரைப் போல அதைச் சத்தமாகப் படித்துச் சிரிக்க எங்கள் ஊரில் ஆளில்லை. எனக்கோ இங்கிலீஷில் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும்.

மறுநாளே அப்பா கம்பெனிக்கு வந்து நின்றார். "ஒரு நாடகத்தோட கடைசிக் காட்சி மட்டும் குடுங்க, போதும்."

"ஏனுங்க வாத்தியாரே, அது பனியனுக்குள்ள பம்பாய்க்கே போயிருச்சுங்களே!" முதலாளி சிரித்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் காட்சியை எனக்குச் சொல்லப் பார்த்த அப்பா, பாலத்தருகே நின்றுவிட்டார்.

"மறந்துபோச்சு கண்ணு."