பன்னிரண்டாம் நம்பர் சப்பாத்து

அந்தச் சனிக்கிழமை எனக்குத் தரப்பட்டவை: ஒரு ஸ்டொப் வோட்ச், ஓர் அளவு நாடா, பந்தின் வேகத்தைக் காட்டும் ரேடார் துப்பாக்கி, பிளாஸ்டிக் உறை போட்ட எழுதும் அட்டை. தரப்படாதவை: கையுறை, கதிரை, அபிப்பிராயம் சொல்லும் உரிமை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பேஸ்போல் கிளப், கோடைகால அணிக்குப் பதினாறு வயதுக்குட்பட்ட பையன்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. நான் மின்னணுவியல் மாணவி. ரேடாரை இயக்கத் தெரிந்த ஆள் தேவை என்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். பேஸ்போல் தெரிய வேண்டும் என்று போடவில்லை.

தேர்வாளர் எழுபதை நெருங்கிய வெள்ளைக்காரர். சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கோதைத் துப்பியபடியே பேசுவார். ஒரு பையன் இன்றைக்கு எப்படி எறிகிறான் என்பது அவருக்குப் பாதிக் கணக்குத்தான். இன்னும் எவ்வளவு வளருவான் என்பது மீதிப் பாதி. அதற்காக உயரம், கை நீளம், உள்ளங்கை அகலம், சப்பாத்து நம்பர் எல்லாம் நான் குறிக்க வேண்டும். நாய்க்குட்டி வாங்கும்போது பாதத்தைப் பார்ப்பதில்லையா, அதுபோல என்றார். பெற்றோர் வந்திருந்தால் அவர்களையும் மேலும் கீழும் பார்ப்பார். சம்பந்தம் பேச வந்தவர்கள் பார்ப்பதுபோலத்தான், பலகாரம் மட்டும் இல்லை.

வரிசையில் என் சின்னம்மாவின் மகனும் நின்றான். டோர்செட் பார்க்கில் அவர்களுடைய அப்பார்ட்மெண்டில்தான் நானும் இருந்தேன். ஒரு வருடமாக அவன் கார் நிறுத்துமிடத்துச் சுவரில் பந்து எறிந்து பழகியிருந்தான். அடுத்த வருடம் வயது கூடிவிடும். அதைவிட, சின்னம்மா நிபந்தனை போட்டிருந்தார்: இந்த முறை எடுபடாவிட்டால் இனிச் சனிக்கிழமைகளில் கணக்கு ரியூசன். அவன் முகத்தில் அந்த ரியூசன் தெளிவாகத் தெரிந்தது.

உயரம், சராசரிக்குக் கீழே. கை நீளம், அப்படியே. குனிந்து சப்பாத்தின் நாக்கைப் பார்த்தேன். பன்னிரண்டு.

அந்தச் சப்பாத்தின் முன்பகுதியில் கடதாசி அடைத்திருந்தது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவனுடைய குளிர்கால ஜக்கெட்டுக்குள்ளும் இன்னொரு பையன் இருக்க இடமிருந்தது.

"அக்கா, அதிலை என்ன நம்பர் கிடக்கோ அதைப் போடுங்கோ," என்று மெதுவாகச் சொன்னான்.

பத்தியின் தலைப்பு சப்பாத்து நம்பர் என்றுதான் இருந்தது. பாதத்தின் நீளம் என்று இல்லை. பன்னிரண்டு என்று எழுதினேன்.

தேர்வாளர் அதைப் பார்த்து விசிலடித்தார். வேலிக்கு அப்பால் பிளாஸ்குடன் நின்ற சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா வேலியின் பாதி உயரம். மறுபடி நம்பரைப் பார்த்தார்.

"தகப்பன் உயரமா?"

"சராசரி."

"அப்படியானால் தாத்தாவாக இருக்கும்," என்று தானே தீர்த்துக்கொண்டார்.

எறிதலில் ரேடார் காட்டிய வேகம் பரிதாபம். அவர் கவலைப்படவில்லை. பாதம் இருக்கிறது, வேகம் பின்னால் வரும் என்றார்.

கடைசியாக அறுபது யார்டு ஓட்டம். ஏப்ரல் மாதப் புல் சொதசொதவென்று இருந்தது. பாதி வழியில் இடது சப்பாத்து அவனை விட்டுப் பிரிந்து மேலே போய்த் தேர்வாளரின் காலடியில் விழுந்தது. அவன் நிற்கவில்லை. மற்றதையும் உதறிவிட்டு, காலுறையோடு சேற்றைத் தெறித்துக்கொண்டு ஓடி முடித்தான். ஸ்டொப் வோட்ச்சைப் பார்த்தேன். அன்றைய மிகக் குறைந்த நேரம்.

தேர்வாளரோ சப்பாத்துக்குள் கையை விட்டிருந்தார். ஒரு தாள் வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவதில் மணமகள் தேவைப் பகுதி முழுசாக இருந்தது.

"இது என்ன?"

"தமிழ்ப் பத்திரிகை," என்றேன்.

அதற்குள் சின்னம்மா வந்துவிட்டார். "என்னவாம் பிள்ளை?"

"ஏன் இவ்வளவு பெரிய சப்பாத்து எண்டு கேக்கிறார், சின்னம்மா."

"இதென்ன கேள்வி? இப்பத்தைய காலுக்கு வாங்கினால் வாற வருசம் அதை ஆர் போடுறது? பெடியன் வளருவான் எண்டு சொல்லு."

சொன்னேன். அவர் கொறிப்பதை நிறுத்தினார். எவ்வளவு வளருவான் என்று இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"பெத்த எனக்குத் தெரியாதோ? உவருக்கு எப்பிடித் தெரியுமாம்?"

அதையும் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் விதை புரைக்கேறி, இருமி, கண்ணில் நீர் வந்தது. சின்னம்மா பிளாஸ்கைத் திறந்து இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, பையனை இன்னொரு தடவை ஓடச் சொன்னார்.

"அக்கா, கால் ஃப்ரீஸாகுது!"

"ரியூசன் வாத்தியார் வீட்டிலை ஹீட்டர் இருக்கு," என்றேன்.

ஓடினான். முதல் ஓட்டத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே.

தேர்வாளர் என் நாடாவை வாங்கி, சேற்றில் முழங்காலிட்டு, அவன் பாதத்தைத் தானே அளந்தார். பன்னிரண்டை வெட்டி எட்டு என்று போட்டார். எறிய அல்ல, ஓடிப் பந்து பிடிக்க எடுத்துக்கொள்கிறேன் என்றார். தம்பிக்கு எறிவதில்தான் ஆசை. ஆனாலும் தலையை வேகமாக ஆட்டினான்.

பிறகு பெட்டியிலிருந்து நடுத்தர அளவில் ஓர் அணிச் சட்டையை எடுத்து நீட்டினார். சின்னம்மா அதை மகனின் தோளில் வைத்துப் பார்த்தார். தோள் சரியாக இருந்தது. கையும் சரியாக இருந்தது. முகம் கோணிப்போய், சட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"பிள்ளை, இதிலை பெரிசு இருக்கோ எண்டு கேள்."

நான் வாய் திறக்க முன்னரே தேர்வாளர் பெட்டியின் அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவத் தொடங்கியிருந்தார்.